வெளியே தெரியாத வீட்டு சர்வர்: மாட்டுங்காவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மும்பை மாட்டுங்காவில், ஷண்முகானந்த ஹாலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடி வீடு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவருடைய மனைவியும் இருக்கிறார்கள். கூடத்தில் டிவி மேசைக்குக் கீழே, லேமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய மினி கணினி ஒன்று இரவு பகலாக ஓடுகிறது. தலா 4 டெராபைட் கொண்ட இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள்; ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் எழுதப்படும். இயங்குதளம் லினக்ஸ். புகைப்படங்களுக்கு இம்மிச், பாட்டுக்கு நேவிட்ரோம், மற்ற கோப்புகளுக்கு சாம்பா.

பாட்டு என்றால் கடையில் வாங்கிச் சேர்த்தது இல்லை. வானொலியிலிருந்தும் தெரிந்தவர்கள் வீட்டுக் கச்சேரிகளிலிருந்தும் பல ஆண்டுகளாக அவர் கேசட்டில் பிடித்துவைத்தவை. ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாற்றி, ராகம், பாடியவர், பக்கவாத்தியம் என்று குறிப்புகளோடு அடுக்கியிருக்கிறார். கேட்க விரும்புகிறவர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறார்கள்: மகன் கோயம்புத்தூரில், மகள் சிங்கப்பூரில், தம்பி குடும்பம் செம்பூரில், உறவினர்கள் பாலக்காட்டில்.

கட்டடம் முழுவதும் புதிய ஃபைபர் இணைப்புக்கு மாறியதிலிருந்து இவர்களில் யாருக்கும் பாட்டு வரவில்லை. வீட்டு வைஃபையில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. வெளியே போனால் எதுவும் கிடைப்பதில்லை. நெட்வொர்க் வேலைதான் எனக்குத் தொழில் என்பதால் என்னை அழைத்தார்கள்.

"முன்பு போலவே போர்ட்டைத் திறந்து கொடுத்துவிடு, போதும்" என்றார் மாமா.

போர்ட் என்பது கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல். அதைத் திறக்க முடியாது என்பது ஒன்று. முடிந்தாலும் திறக்கக் கூடாது என்பது வேறொன்று. இரண்டையும் அவருக்குப் புரியவைப்பதில்தான் வேலையின் பாதி கழிந்தது.

பழைய ஏற்பாடு

முந்தைய இணைப்பில் ரவுட்டருக்குப் பொது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் யாரும் நேரடியாக எட்டக்கூடிய எண் முகவரி, கிடைத்துக்கொண்டிருந்தது. அது அவ்வப்போது மாறும். மாறும்போதெல்லாம் டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்று, வீட்டுக்கு வைத்த பெயரைப் புதிய முகவரியோடு சேர்த்துவைக்கும். ரவுட்டரில் 22, 2283, 4533 ஆகிய மூன்று போர்ட்டுகள் சர்வரை நோக்கித் திருப்பப்பட்டிருந்தன. வீட்டு சர்வர் வைப்பவர்கள் வழக்கமாக முதலில் செய்வது இதுதான். வேலை செய்கிறது என்பதால் பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சர்வரில் பழைய பதிவுகள் அழியாமல் இருந்தன. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் பதிவைத் திறந்தால் ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்று பெயரை மாற்றி மாற்றி நுழையப் பார்த்தவர்களின் வரிசை பக்கம் பக்கமாக ஓடுகிறது. மாமா அதிர்ந்துபோனார். "எனக்கு எதிரிகளே கிடையாதே!" என்றார். அவரை யாரும் குறிவைக்கவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்புள்ள ஒற்றைக் கணினியிலிருந்து, இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இன் முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். 2009 முதல் இயங்கும் ஷோடான், இப்படித் தட்டிப் பார்த்ததன் விடைகளைத் தேடுபொறியாகவே வைத்திருக்கிறது. நம் வீட்டை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில்: யாரும் தேடுவதில்லை, எல்லா வீட்டையும் தட்டிக்கொண்டு போகிறார்கள்.

கடவுச்சொல் வலுவாக இருந்தால் போதாதா? போதாது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல், இணையத்துக்குத் திறந்துவைக்கப்பட்ட க்யூநாப் சேமிப்புக் கருவிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. கடவுச்சொல்லை ஊகித்து அது நுழையவில்லை. மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக வந்தது. அதே ஆண்டில் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்த திருட்டில், மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த மீடியா மென்பொருளே வழியானது. அது பிளெக்ஸ் என்று பின்னர் தெரிந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் 2020 மே மாதத்திலேயே வெளிவந்திருந்தது, அவர் புதுப்பிக்கவில்லை. கடவுச்சொற்களைக் காப்பதே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் பொறியாளர் வீட்டிலேயே இதுதான் நிலைமை என்றால், மாட்டுங்காவில் ஓய்வு பெற்றவர் வாரந்தோறும் புதுப்பித்துக்கொண்டிருப்பார் என்று நம்பி ஓர் ஏற்பாட்டைச் செய்ய முடியாது.

100-இல் தொடங்கும் முகவரி

புதிய இணைப்பில் ஏன் நின்றது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற முகவரி 100-இல் தொடங்கியது. 'என் ஐபி என்ன' என்று வலைத்தளத்தில் கேட்டால் முற்றிலும் வேறொரு முகவரி வந்தது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் நடுவில் இன்னொருவர் முகவரியை மாற்றுகிறார் என்று பொருள். 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான சுமார் 42 லட்சம் முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் பயன்படுத்திக்கொள்வதற்கென்றே 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டவை. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சிஜிநாட்.

ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகக் களஞ்சியத்தின் கடைசிப் பெருந்தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரிகளைப் பங்கிடும் ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதியைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்த உள்ளூர் ஃபைபர்காரர், ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தனித்தனிப் பொது முகவரி வாங்கிக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரு முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன.

இதை மாமிக்கு ஹவுசிங் சொசைட்டி வாட்ச்மேனை வைத்து விளக்கினேன். உள்ளிருந்து யார், வெளியே யாரை அழைத்தார்கள் என்று நோட்டில் குறித்துவைத்திருப்பார். அழைக்கப்பட்டவர் வந்தால் விடுவார். தானாக வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்புவார். ரவுட்டரில் போர்ட்டைத் திறப்பது, மூன்றாம் மாடிக்கு யார் வந்தாலும் விட்டுவிடு என்று அவரிடம் சொல்லிவைப்பது. சிஜிநாட்டில் தெருமுனையிலும் ஒரு வாட்ச்மேன் நிற்கிறார்; அவர் நம் சொல்லைக் கேட்கமாட்டார், ஏனென்றால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது நாம் இல்லை. மாமி உடனே கேட்டார்: "அப்படியானால் நாமே வெளியே போய்க் கூட்டிக்கொண்டு வரலாமே?"

அவ்வளவுதான் விஷயம். பொதுவெளியில் முகம் காட்டாத வீட்டு சர்வர்கள் எல்லாமே, எந்த மென்பொருளின் பெயரைச் சொன்னாலும், இந்த ஒரே தந்திரத்தில் நிற்கின்றன: முதல் அழைப்பு உள்ளிருந்து போக வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு எதுவும் திறந்திருக்காது. உள்ளிருந்து போன இணைப்பு அறுபடாமல் வைத்திருக்கப்படும். கேட்பவர்கள் அதன் வழியே வருவார்கள். வேறுபாடெல்லாம், அந்த அழைப்பு யாரைத் தேடிப் போகிறது என்பதில்தான்.

மூடியிருப்பதாக நினைத்தது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே அதன் விடைதான். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பதால் இப்போதைக்கு சர்வர் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மகன் தொலைபேசியில் அதையேதான் சொன்னார். அவரும் கணினித் துறையில் இருப்பவர்.

புதிய இணைப்பில், அடுத்த தலைமுறை முகவரி முறையான ஐபிவி6-உம் வந்திருந்தது. ஐபிவி6-இல் முகவரிப் பஞ்சம் இல்லை என்பதால் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் தனி முகவரி கிடைக்கிறது. நடுவில் முகவரி மாற்றும் வேலையே இல்லை. தடுக்க வேண்டியது ரவுட்டரின் ஃபயர்வால் மட்டுமே. நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் அணைந்திருந்தது. அமைப்புகளில் மூன்று அடுக்கு உள்ளே போனால்தான் அந்தப் பொத்தானே கண்ணில் படும். சர்வரிலும் தனி ஃபயர்வால் இல்லை. இம்மிச் ஓடுவது, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்குள்; டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிட்டால், வேறு ஏதும் சொல்லாதவரை, ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் எல்லா முகவரிகளிலும் காது கொடுத்துக்கொண்டிருக்கும்.

என் மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் சர்வரின் ஐபிவி6 முகவரியையும் இம்மிச்சின் போர்ட்டான 2283-ஐயும் சேர்த்து உலாவியில் போட்டேன். மூன்று தலைமுறைப் புகைப்படங்களின் நுழைவுப் பக்கம் சட்டென்று வந்து நின்றது. ஜியோ 2016-இல் தொடங்கியபோதே ஐபிவி6-ஐப் பெரிய அளவில் கையாண்டது. இன்று இந்திய மொபைல்களில் அது வெகு சாதாரணம். அதாவது நாட்டில் எத்தனையோ மொபைல்களுக்கு இந்த சர்வர் நேரடியாக எட்டும் நிலையில் இருந்தது. ஆனால் வீட்டாருக்கு எட்டவில்லை, ஏனென்றால் அவர்களிடம் இருந்த பழைய பெயர் ஐபிவி4 முகவரியை மட்டுமே காட்டியது.

ஐபிவி6-இல் முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்க முடியாது என்று ஒரு வாதம் உண்டு. ஒரே வீட்டுக்குள் 2-இன் 64-ஆம் அடுக்கு முகவரிகள் சாத்தியம் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு தேடினால் கிடைக்காது, அதுவரை சரி. ஆனால் முகவரி வேறு வழிகளில் கசியும். கணினிகள் நேரத்தைச் சரிபார்க்கக் கேட்கும் பொது என்டிபி குழுவில் ஷோடான் தன் சர்வர்களைச் சேர்த்துவைத்து, நேரம் கேட்டு வந்த ஐபிவி6 முகவரிகளைப் பிடித்துத் தட்டிப் பார்த்தது 2016-இல் வெளிப்பட்டது. நேரம் கேட்பதற்காக வாயைத் திறந்தாலே முகவரி தெரிந்துவிடும்.

ஆகவே முதல் வேலை இணைப்பைக் கொடுப்பதாக இல்லை, மூடுவதாக இருந்தது. ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வாலை இயக்கினேன். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் கேட்டவுடன் போர்ட்டைத் திறந்துகொடுக்கும் யுபிஎன்பி வசதியை அணைத்தேன். பழைய போர்ட் திருப்பல்களை அழித்தேன். டாக்கர் சேவைகளை சர்வரின் உள்முகவரியான 127.0.0.1-இல் மட்டும் கேட்கும்படி கட்டினேன். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உபுண்டு லினக்ஸின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் தடை போட்டுவிட்டோம் என்று இருப்பார்கள். டாக்கர் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்வதால் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பிறகு மொபைல் டேட்டாவில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் மறுபடி தட்டிப் பார்த்தேன். எங்கும் பதில் இல்லை.

யார் உள்ளே வர வேண்டும்?

எந்த மென்பொருள் சிறந்தது என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே வர வேண்டியவர்கள் யார், அவர்கள் கையில் என்ன கருவி, அதில் எதையாவது நிறுவ அவர்களுக்கு மனமும் அனுமதியும் இருக்கிறதா என்பதை முதலில் எழுதிவைத்தால், பாதி வழிகள் தாமாகவே விலகிவிடும்.

மாதம் ஒரு தொகை கட்டி நிலையான பொது முகவரி வாங்கலாம். ஃபைபர்காரர் தரத் தயாராக இருந்தார். அது பழைய நிலைக்கே, பதிவு முழுக்க ரூட், அட்மின் வரிசை ஓடிய நிலைக்கே திரும்புவது. விலக்கினேன். ஐபிவி6 வழியாகவே ஒரு போர்ட்டை மட்டும் அனுமதிக்கலாம். ஆனால் மகனின் அலுவலக வைஃபையில் ஐபிவி4 மட்டுமே உண்டு, இங்கே வீட்டுக்கு வரும் ஐபிவி6 முகவரியின் முன்பகுதியும் ரவுட்டர் அணைந்து எழுந்தால் மாறுகிறது. அதையும் விலக்கினேன்.

கிளவுடில் ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற மறையாக்கப்பட்ட தனிவழி (விபிஎன்) இணைப்பு போடுவது எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த வழி. மும்பையிலேயே டேட்டா சென்டர்கள் இருப்பதால் சுற்று வழி என்ற குறையும் பெரிதாக இல்லை. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலோடு வயர்கார்டு உள்ளேயே சேர்ந்துவிட்டது. அதன் அழகு அதன் மௌனம்: சரியான சாவி இல்லாமல் வரும் தரவுப் பொட்டலத்துக்கு அது பதிலே சொல்லாது, மறுப்புகூடத் தெரிவிக்காது. தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லாதது போலத்தான் தெரியும். 25 விநாடிக்கு ஒருமுறை உள்ளிருந்து சிறு பொட்டலம் அனுப்பும்படி வைத்தால், நடுவில் முகவரி மாற்றும் நாட் கருவிகள் அந்த இணைப்பை மறக்காமல் வைத்திருக்கும். ஆனால் வாடகை சர்வரைப் புதுப்பித்துப் பராமரிப்பது யார்? மாமாவா, கோயம்புத்தூரில் வேலையில் மூழ்கியிருக்கும் மகனா? ஒவ்வொரு மொபைலுக்கும் சாவி உருவாக்கி, தொலைந்தால் நீக்கி, கணக்கு வைத்திருப்பது யார்? நான் வாடிக்கையாளர் வீட்டில் விட்டுவிட்டுப் போகிற ஏற்பாடு, நான் இல்லாமலும் ஓட வேண்டும்.

அந்தக் கணக்கு வேலையைத் தானே பார்த்துக்கொள்வதால்தான் டெயில்ஸ்கேல் என்ற சேவையைத் தேர்ந்தெடுத்தேன். அடியில் இருப்பது அதே வயர்கார்டு. ஒவ்வொரு கருவியும் தன் ரகசியச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பொதுச் சாவியை மட்டும் அந்நிறுவனத்தின் ஒருங்கிணைப்பு சர்வரிடம் கொடுக்கிறது. யார் யாரோடு பேசலாம் என்ற பட்டியல் அங்கிருந்து வருகிறது; பாட்டும் படமும் அங்கே போவதில்லை.

இரண்டு பக்கமும் நாட்டுக்குப் பின்னால் இருக்கும்போது எப்படி நேரடியாகச் சந்திக்கின்றன என்பது பார்க்கத் தக்கது. மாட்டுங்கா சர்வரும் செம்பூர் மொபைலும் தனித்தனியாக வெளியே ஓர் உதவி சர்வரை அழைத்து, 'நான் வெளியே எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் தெரிகிறேன்?' என்று கேட்டுக்கொள்கின்றன. கிடைத்த விடையை ஒருங்கிணைப்பாளர் மூலம் பரிமாறிக்கொள்கின்றன. பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒன்றையொன்று நோக்கி யுடிபி என்ற எளிய வகைப் பொட்டலம் அனுப்புகின்றன. ஒவ்வொரு பக்க நாட்டும், நம் ஆள் வெளியே அனுப்பியதற்கு வரும் பதில்தானே இது என்று எதிர்ப்பக்கப் பொட்டலத்தை உள்ளே விட்டுவிடுகிறது. இது பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நாட் கருவி, யாரை அழைத்தாலும் ஒரே வெளிப்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு போர்ட் கொடுக்கும் வகையாக இருந்தால், உதவி சர்வர் சொன்ன போர்ட் அடுத்தவருக்குப் பயன்படாது. சிஜிநாட் கருவிகள் முதல் வகையாகத்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று 2013-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 6888 சொல்கிறது. இந்த ஃபைபர்காரரின் கருவி அதன்படி நடந்தது. செம்பூரும் சிங்கப்பூரும் நேரடியாக இணைந்தன.

கோயம்புத்தூர் அலுவலகத்தில் நேரடி இணைப்பு பலிக்கவில்லை. அங்கே யுடிபியையே தடுத்திருக்கிறார்கள். அப்போது டெர்ப் எனப்படும் இடைநிலை சர்வர் வழியாகச் சாதாரண வலைத்தளப் போக்குவரத்து போல 443-ஆம் போர்ட்டில் போகிறது. இந்தியாவில் அதற்குப் பெங்களூரில் ஒரு நிலையம் இருக்கிறது. நடுவில் இருப்பவரால் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது, சாவி இரு முனைகளில் மட்டுமே இருப்பதால். வேகம் குறையும். பாட்டுக்கு அது போதும். வீடியோவுக்கு அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். அலுவலக மடிக்கணினியில் எதையும் நிறுவ அனுமதியில்லை என்பதால் அவர் கேட்பதும் மொபைலில்தான்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைக்க வேண்டியிருந்தது. விபிஎன் என்றாலே அரசு தடை செய்துவிட்டதாமே என்று செம்பூர்த் தம்பி கேட்டார். 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது. தடை என்று அதில் எதுவும் இல்லை. தன் சொந்தக் கருவிகளைத் தன் வீட்டோடு இணைத்துக்கொள்வது, ஊரை மறைத்து உலாவ விற்கப்படும் அந்தச் சேவையிலிருந்து வேறுபட்டது.

டிஎன்எஸ் சிக்கல்

டெயில்ஸ்கேல் ஏறியவுடன் சர்வருக்கு இணையப் பெயர்கள் எதுவும் தெரியாமல் போயின. எண் முகவரிக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை. காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. டெயில்ஸ்கேல் தன் கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரிகளும் அதே 100.64 தொகுதியிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. வீட்டு நெட்வொர்க்குகளில் யாரும் பயன்படுத்தாத இடம் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். லினக்ஸில் அது ஏறும்போது, இந்தத் தொகுதியிலிருந்து தன் இணைப்பு அல்லாத வேறு வழியில் வரும் பொட்டலங்களைத் தூக்கி எறியும் விதி ஒன்றையும் போட்டுவிடுகிறது. ஃபைபர்காரரோ, பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் தன் டிஎன்எஸ் சர்வருக்கும் இதே தொகுதியில் முகவரி வைத்திருந்தார். ரவுட்டர் அந்த முகவரியை வீட்டுக் கருவிகளுக்கு அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தது. சர்வர் கேள்வி கேட்கும், பதில் வாசல் வரை வரும், அங்கே எறியப்படும்.

அந்த விதியை நீக்கும் வழி உண்டு. நான் அதைத் தொடவில்லை. அது வேலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரவுட்டரை, டிஎன்எஸ்ஸுக்குத் தன் சொந்த 192.168 முகவரியையே கொடுக்கும்படி மாற்றினேன். சரியாகிவிட்டது. சிஜிநாட் இணைப்பில் டெயில்ஸ்கேல் போட்டு, இணையமே போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

செயலி நிறுவாதவர்களுக்கு

பாலக்காட்டு உறவினர்களிடம் செயலியை நிறுவச் சொல்ல முடியாது. வயதானவர்கள், அனுப்பிய இணைப்பைத் தொட்டால் திறக்க வேண்டும். அவர்களுக்குத் தேவை குடும்பத் திருமணங்களின் ஆல்பங்கள் மட்டும். இதற்கு கிளவுட்ஃப்ளேர் டனல் போட்டேன். 2021 ஏப்ரலில் இலவசமான இந்தச் சேவையில், சர்வரில் ஓடும் சிறு நிரல் 7844-ஆம் போர்ட்டில் வெளியே நான்கு இணைப்புகளை ஏற்படுத்திக்கொண்டு காத்திருக்கும். உறவினரின் உலாவி வருவது கிளவுட்ஃப்ளேருக்கு. அங்கிருந்து அந்த இணைப்புகள் வழியே வீட்டுக்கு. வீட்டின் ஐபி முகவரி, வருபவர்களுக்குத் தெரியாது.

ஆனால் பெயர் பொதுவானது. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைத் திறந்து பார்க்கலாம். டனல் போட்டுவிட்டோம், பாதுகாப்பாகிவிட்டது என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். ஓட்டையுள்ள மென்பொருளை டனல் வழியாகக் காட்டினால் ஓட்டையும் டனல் வழியாகத் தெரியும். அதனால் முன்னால் ஒரு நுழைவுக் காவல் வைத்தேன்: அனுமதித்த மின்னஞ்சல் முகவரிக்கு ஒருமுறை எண் வரும், அதைப் போட்டால்தான் கோரிக்கை சர்வர் வரைக்கும் போகும். 50 பேர் வரை இது இலவசம்.

இதில் இன்னொன்றையும் மாமாவிடம் தெளிவாகச் சொன்னேன். டெயில்ஸ்கேலில் நடுவில் இருப்பவருக்கு உள்ளடக்கம் தெரியாது, இங்கே தெரியும். மறையாக்கம் கிளவுட்ஃப்ளேரின் விளிம்பில் அவிழ்க்கப்பட்டு மறுபடி கட்டப்படுகிறது. திருமண ஆல்பத்துக்கு அது அவருக்குச் சம்மதம். வங்கி ஆவணங்கள் இருக்கும் கோப்புறைக்குச் சம்மதம் இல்லை. பாட்டும் அந்த வழியில் போகாது. கச்சேரிப் பதிவுகளில் பாடியவர்களுக்கு உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நிகழ்த்துக் கலைஞர் உரிமையை 50 ஆண்டுக்குக் காக்கிறது. வீட்டுக்குள் கேட்பதை வீட்டாரோடு நிறுத்திக்கொள்வதே முறை என்பது மாமாவின் சொந்த முடிவு, என் ஆலோசனை இல்லை.

இலவசத் திட்டத்தில் ஒரே கோரிக்கையில் 100 மெகாபைட்டுக்கு மேல் ஏற்ற முடியாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மொபைலிலிருந்து வீடியோ ஏற்றுவது இந்த வழியில் தடுக்கிக்கொண்டே இருக்கும். ஏற்றுவதெல்லாம் டெயில்ஸ்கேல் வழியே, பார்ப்பது மட்டும் டனல் வழியே என்று பிரித்துவிட்டேன். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேரிலேயே கோளாறு ஏற்பட்டு, நம் நேரப்படி மாலையில் சில மணி நேரம் உலகில் பல தளங்கள் தடுமாறியது போல ஒரு நாள் மறுபடி வந்தால் ஆல்பம் திறக்காது. திறக்காவிட்டால் மறுநாள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது இருக்கும் நிலை

ரவுட்டரில் எந்தப் போர்ட்டும் திறந்திருக்கவில்லை. எஸ்எஸ்எச் டெயில்ஸ்கேல் முகவரியில் மட்டும் கேட்கிறது. பதிவில் ரூட், அட்மின் வரிசை நின்றுவிட்டது. டெயில்ஸ்கேலில் தொடக்கத்தில் எல்லாக் கருவிகளும் எல்லாவற்றோடும் பேசலாம் என்றுதான் இருக்கும். அதைக் குறைத்து, செம்பூர்க் கருவிகளுக்குப் பாட்டும் படமும் மட்டும், மகனுக்கும் மாமாவுக்கும் முழுவதும் என்று எழுதியிருக்கிறேன். சர்வருக்கு அவர்கள் வைத்திருந்த குடும்பப் பெயரை மாற்றி, பொருளற்ற ஒரு பெயர் வைத்தேன். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கும்போது அந்தப் பெயர் உலகம் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். சாவிகள் 180 நாளில் காலாவதியாகும் என்பது டெயில்ஸ்கேலின் வழக்கம். மொபைல்களுக்கு அதை அப்படியே விட்டு, சர்வருக்கு மட்டும் நிறுத்தினேன், இல்லாவிட்டால் வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருக்கும் நாளில்தான் அது காலாவதியாகும்.

மாமியின் மொபைலில் விளம்பரத் தடுப்புச் செயலி ஒன்று இருந்தது; அதுவும் விபிஎன் இடத்தையே பிடித்துக்கொள்ளும் வகை. ஆன்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். எது வேண்டும் என்று கேட்டேன். பாட்டு என்றார்.

மிஞ்சியிருக்கும் ஆபத்து எங்கே என்றால், டெயில்ஸ்கேலுக்குள் நுழையப் பயன்படும் மகனின் கூகுள் கணக்கில். அதைப் பிடித்தவர் தன் கருவியை இந்த வீட்டு நெட்வொர்க்கில் சேர்த்துக்கொள்ளலாம். முன்பு பூட்டு மாட்டுங்கா ரவுட்டரில் இருந்தது, இப்போது அந்தக் கணக்கில் இருக்கிறது. பூட்டே தேவைப்படாத ஏற்பாடு எதையும் நான் பார்த்ததில்லை. கணக்குக்கு, கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியே திறக்கும் பாஸ்கீயும், மாற்றாகக் காகிதத்தில் அச்சிட்ட அவசர எண்களும் போட்டாயிற்று. காகிதம் மாமாவின் அலமாரியில் இருக்கிறது. புதிய கருவி எதையும் ஏற்கெனவே உள்ள கருவி ஒன்று கையொப்பமிட்டால்தான் சேர்க்கும் பூட்டு வசதியும் டெயில்ஸ்கேலில் உண்டு; அதை இயக்கலாமா என்று மகனோடு பேசிக்கொண்டிருக்கிறேன். தவறினால் தானே தன்னை வெளியே பூட்டிக்கொள்ளும் அபாயம் அதில் இருப்பதால் அவர் தயங்குகிறார்.

ஒருங்கிணைப்பு சர்வரையும் நாமே நடத்தலாமே, ஹெட்ஸ்கேல் என்று திறந்த மூல மென்பொருள் இருக்கிறதே என்று அவரே கேட்டார். நடத்தலாம். அதற்கு எப்போதும் வெளியே தெரியும் ஒரு சர்வர் வேண்டும், அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.